பிடரியில் வைத்த கை: வெள்ளவத்தைக் குடும்பம் ஒன்றுக்கு பேபி சீட் பழக்கிய நிகழ்வு ஆய்வு

இந்தக் குடும்பம் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் இருக்கிறது. அப்பா, அம்மா, 11 மாத ஆண் பிள்ளை, பேரனைப் பார்க்கவென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்கிவிட்ட அம்மம்மா. அவர்களுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்றார்கள். பிள்ளையை மட்டும், வீட்டில் கூப்பிடுவது போலச் சின்னவன் என்கிறேன்.

நான் தாதியாக வேலை செய்தவள். வெளிநாட்டில் இருந்த காலத்தில், காரில் பிள்ளையைக் கட்டி இருத்தும் பேபி சீட்டைப் பொருத்தப் பெற்றோரைப் பழக்கும் பயிற்சியை எடுத்தேன். கொழும்புக்குத் திரும்பிய பிறகு, கேட்பவர்களுக்கு அவரவர் வீட்டுக் கார் தரிப்பிடத்திலேயே போய்ச் சொல்லிக்கொடுக்கிறேன். பல குடும்பங்களைப் பார்த்திருந்தாலும் இதை எழுதக் காரணம் உண்டு. இவர்களிடம் முதல் தடவை நான் தோற்றேன். அந்தத் தோல்வியில் நான் படித்தது, சரியாகப் போன நாட்களில் படித்ததைவிட அதிகம்.

ஒரு சொல் விளக்கம். இந்தக் கட்டுரையில் ‘பெல்ட்’ என்றால் காரோடு வந்த பெல்ட். ‘பட்டி’ என்றால் பேபி சீட்டுக்குள் பிள்ளையைக் கட்டும் பட்டி. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடும்.

காரும் சீட்டும்

அம்மாதான் முதலில் தொலைபேசியில் பேசினார். நல்லூர்த் தேருக்குப் போகப்போகிறார்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். “சீட் இருக்கு அக்கா, பூட்டியும் இருக்கு. ஒருக்கா வந்து சரியோ எண்டு பாத்தால் போதும்.” சரியா என்று பார்க்கக் கூப்பிடுபவர்கள் மிகக் குறைவு. இல்லாதவர்கள் வாங்குவது பற்றிக் கேட்பார்கள், இருப்பவர்கள் கேட்கமாட்டார்கள். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2011இல் நடத்திய கள ஆய்வில், பார்த்த சீட்களில் 46 சதவீதம் ஏதோ ஒரு வகையில் பிழையாகப் பாவிக்கப்பட்டிருந்தன. சட்டமும் விளம்பரமும் பயிற்சி நிலையங்களும் உள்ள நாட்டிலேயே நிலைமை அதுதான். இங்கே 2011 ஒக்டோபரில் பெல்ட் கட்டாயமானபோது, சாரதிக்கும் முன் சீட்டில் இருப்பவருக்கும்தான் கட்டாயமானது. பின் சீட் என்றால் பெல்ட் தேவையில்லாத இடம் என்ற எண்ணம் அப்போதே ஊறிவிட்டது.

கார் ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்த சிறிய கார். வாங்கிய அன்றே வஜிரா வீதிப் பிள்ளையார் கோவிலில் பூசை செய்து, சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைத்து எடுத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் வடிவான ரெக்சின் சீட் கவர் போட்டிருக்கிறார்கள். அந்தக் கவருக்கு அடியில் பின் சீட்டின் மூன்று பக்கிள்களும் புதைந்துபோயின. அப்பா ஒன்றை மட்டும் விரலால் தோண்டி வெளியே எடுத்து பேபி சீட்டைப் பொருத்தியிருந்தார். கொழும்பில் நான் பார்க்கும் கார்களில் இதுதான் முதல் தடை. பெல்ட் இல்லாத கார் அரிது. பெல்ட் மறைந்த கார்தான் எங்கும் இருக்கிறது. ரெக்சின் வழுக்கும் என்பதால், அதன்மேல் வைத்த சீட்டும் மெல்ல மெல்ல நகரும்.

பேபி சீட் லண்டனில் இருக்கும் அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா அனுப்பியது. அவருடைய மகள் பாவித்த சீட். பாவித்த சீட்டைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது மூன்று விஷயங்கள். அங்கீகார ஒட்டி இருந்தது. செம்மஞ்சள் நிறம், ஐக்கிய நாடுகள் ஒழுங்குவிதி 44, நான்காம் திருத்தம், 18 கிலோ வரை. பின்னோக்கி, அதாவது பிள்ளையின் முகம் காரின் பின்பக்கம் பார்க்கும்படி வைத்தால் 13 கிலோ வரை. அடிப்பக்கத்துப் பிளாஸ்டிக்கில் வட்டமாக அச்சிட்டிருந்த தயாரிப்புத் திகதியின்படி ஐந்து வருடப் பழையது, இன்னும் காலம் இருக்கிறது. மூன்றாவது, அது விபத்தில் பட்ட சீட்டா என்பது. அதை ஒட்டி சொல்லாது, கொடுத்தவர்தான் சொல்ல வேண்டும். அங்கேயே நின்று லண்டனுக்கு அழைத்தோம். அடிபடவில்லை என்றார். யார் பாவித்தது என்று தெரியாத சீட் என்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும்.

குறைகளைப் பார்த்த ஒழுங்கில் சொல்கிறேன். சீட் பின் ஆசனத்தின் இடது பக்கம், நடைபாதைப் பக்கம் இருந்தது. இடம் சரி. ஆனால் முன்னோக்கித் திரும்பியிருந்தது. பிடித்து அசைத்தால் ஒரு சாண் ஆடியது. தோள் பட்டி ஒன்று முறுக்கியிருந்தது. பிள்ளைக்கும் சீட்டுக்கும் நடுவே புறக்கோட்டையில் வாங்கிய பஞ்சு மெத்தை ஒன்று கிடந்தது. மெத்தையின் மேல் பட்டி இறுக்கமாகத் தெரியும், மோதலில் பஞ்சு நசுங்கிவிட்டால் அவ்வளவு இடமும் தளர்வுதான்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயத்தை நான் தற்செயலாகத்தான் கண்டேன். சீட்டின் மடிப்புகளில் பிஸ்கட் துகள் ஒன்றுகூட இல்லை. 11 மாதப் பிள்ளை இருக்கும் சீட் அப்படி இருக்காது. “சின்னவன் எங்கே இருந்து வருவான்?” என்று கேட்டேன். அம்மா அம்மம்மாவைப் பார்த்தார். சீட்டில் மரக்கறிப் பைதான் பயணம் செய்கிறது. சின்னவன் அம்மம்மாவின் மடியில்.

முதல் நாள் நான் விட்ட பிழை

கவரைக் கழற்றினோம். மெத்தையை எடுத்தேன். சீட்டைப் பின்னோக்கித் திருப்பி, முழங்கையால் அழுத்தி, பெல்ட்டை இழுத்து நானே இறுக்கினேன். தோள் பட்டியின் உயரத்தை மாற்றினேன். முறுக்கை எடுத்தேன். நாற்பது நிமிடம் ஆனது. செய்துகொண்டே விளக்கினேன். பெல்ட் எந்த வழியால் போக வேண்டும், எவ்வளவு சாய்வு, சீட்டின் முதுகில் உள்ள துளைகளில் எந்த வாசலால் பட்டி வர வேண்டும், வெயிலில் பக்கிள் சுடும், புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு விஷயங்களாவது சொல்லியிருப்பேன். அச்சடித்த தாள் ஒன்றும் கொடுத்தேன்.

மூவரும் “ஓம், ஓம்” என்றார்கள்.

எங்கள் ஆட்களின் ‘ஓம்’ ஒரு மரியாதை. நீங்கள் சொல்வது காதில் விழுகிறது என்று அர்த்தம். விளங்கிவிட்டது என்றோ, செய்வோம் என்றோ அர்த்தமில்லை. நானும் அதே ஊர்க்காரிதான், அந்த ‘ஓம்’ எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தேத்தண்ணியும் வடையும் தந்தார்கள். மனநிறைவோடு வீட்டுக்குப் போனேன்.

இரண்டு வாரம் கழித்து, பயணத்துக்கு முன் ஒருமுறை பார்க்கப் போனேன். நடுவில் கனடாவிலிருந்து வந்த மாமாவைக் கூட்டிவரக் கட்டுநாயக்க போயிருக்கிறார்கள். பெட்டிகளுக்கு இடம் வேண்டுமென்று சீட்டைக் கழற்றியிருக்கிறார்கள். திரும்பப் பூட்டியபோது பின்னோக்கித்தான் பூட்டியிருக்கிறார்கள், அதை மறக்கவில்லை. ஆனால் பெல்ட் ஒரு பக்கத்து நீல வழிகாட்டிக்குள் போகாமல் வெளியே கிடந்தது. இப்படியான சீட்களில் பின்னோக்கி வைக்கும்போது பெல்ட் போகும் வழி நீலத்திலும், முன்னோக்கி வைக்கும்போது போகும் வழி சிவப்பிலும் குறிக்கப்பட்டிருக்கும். சீட் மறுபடி ஒரு சாண் ஆடியது. தாள் கதவுப் பைக்குள் மடித்தபடியே இருந்தது.

அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. பிழை அவருடையதல்ல. நாற்பது நிமிடமும் அவர் பார்த்தது என் முதுகை. பொருத்தியது என் கை. அவருடைய கைக்கு எதுவும் தெரியாது. பயிற்சியில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம் இது: சீட்டைப் பெற்றோர்தான் பூட்ட வேண்டும், பழக்குபவர் தொடக்கூடாது. அந்த விதி எனக்கு மனப்பாடம். மாலை நேரம், நுளம்புக்கடி, பிள்ளை சிணுங்கல், சரி நானே சட்டென்று செய்துவிடுகிறேனே என்று நினைத்ததால் இரண்டு வாரத்தில் அந்தச் சீட் மறுபடி ஆடும் நிலைக்கு வந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு

இரண்டாம் நாள் சீட்டைக் கழற்றி நிலத்தில் வைக்கச் சொன்னேன். என் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அப்பாவை மட்டும் கூப்பிடவில்லை, அம்மாவையும் கூப்பிட்டேன். பூட்டுவது ஒரு வேலை, பிள்ளையைக் கட்டுவது வேறொரு வேலை. முதலாவது எப்போதாவது நடக்கும், இரண்டாவது ஒவ்வொரு பயணத்திலும் நடக்கும். எங்கள் வீடுகளில் முதலாவதை அப்பாவும் இரண்டாவதை அம்மாவும் செய்கிறார்கள். நான் பழக்கியதோ முதலாவதை, அதையும் வாயால்.

பன்னிரண்டு விஷயங்களை விட்டுவிட்டு, கையால் தொட்டுப் பார்க்கும் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்.

முதல் தொடல் சீட்டில். பெல்ட் போகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கையால் பிடித்து, இடம் வலமாகவும் முன் பின்னாகவும் அசைக்க வேண்டும். ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக்கூடாது. கட்டைவிரலின் மேல் கணு அளவு. இரண்டாவது தோளில். பட்டி பிள்ளையின் தோளுக்கு நேராக, அல்லது சற்றுக் கீழே உள்ள வாசலால் வர வேண்டும். இது பின்னோக்கி இருக்கும் பிள்ளைக்கு. முன்னோக்கி என்றால் தோளுக்கு நேராக அல்லது சற்று மேலே. மூன்றாவது காறை எலும்பில். அந்த இடத்துப் பட்டியை இரண்டு விரலால் நெடுக்காகக் கிள்ளிப் பார்க்க வேண்டும். மடிப்பு விழுந்தால் தளர்வு. விரல் வழுக்கிக்கொண்டு போனால் சரி.

அப்பா பூட்டினார். முதல் தடவை ஆடியது. நான் பேசவில்லை. அவரே சுற்றிப் பார்த்து, சீட்டின் மேல் தன் பாரத்தைக் கொடுக்காமல் பெல்ட்டை மட்டும் இழுத்ததைக் கண்டுபிடித்தார். இரண்டாம் தடவை அழுத்தியபடி இழுத்தார், ஆனால் நீல வழிகாட்டி ஒன்றை விட்டுவிட்டார். “எத்தனை நீலம் இருக்கிறது, எண்ணுங்கள்” என்று மட்டும் சொன்னேன். மூன்றாம் தடவை சரியாக வந்தது. பிறகு அம்மா பூட்டினார். அவருக்கு இரண்டு தடவை போதுமானதாக இருந்தது, கணவர் தடுமாறியதைக் கவனமாகப் பார்த்திருக்கிறார். மொத்தமும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். அந்த ஒரு மணித்தியாலத்தில் நான் பேசியது பத்து வசனம் வராது.

பட்டி கட்டுவதில் அம்மாவுக்கு ஒரு சிக்கல் வந்தது, எல்லோருக்கும் வருவதுதான். முன்னால் தொங்கும் இழுபட்டியை எவ்வளவு இழுத்தாலும் தோளில் தளர்வு குறையவில்லை. தளர்வு தோளில் இல்லை, இடுப்பில் ஒளிந்திருந்தது. முதலில் இடுப்புப் பக்கத்துப் பட்டியைப் பிடித்து மேல்நோக்கி இழுத்து, தளர்வை நெஞ்சுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகுதான் இழுபட்டி. சேலைக் கொசுவத்தை நீவி எடுப்பது போல என்று அவரே சொல்லிக்கொண்டார். அதன் பிறகு அந்த உவமையை நான் எல்லா இடத்திலும் சொல்கிறேன்.

பின்னோக்கி ஏன்?

அப்பாவுக்கு ஒரு கேள்வி இருந்தது, நியாயமான கேள்வி. ஒட்டியில் 9 கிலோவிலிருந்து முன்னோக்கி வைக்கலாம் என்று இருக்கிறதே? கிளினிக் கொப்பியைக் கொண்டுவரச் சொன்னேன். எங்கள் நாட்டில் பிள்ளை வளர்ச்சிப் பதிவேடு எல்லா வீட்டிலும் இருப்பது எனக்குப் பெரிய உதவி, நிறையை ஊகிக்க வேண்டியதில்லை. கடைசியாக நிறுத்தபோது 8.9 கிலோ, உயரம் 73 சென்டிமீட்டர். சீட்டை அவர்கள் திருப்பியதோ எட்டாம் மாதத்தில். கால் மடங்குகிறது என்று யாரோ சொன்னார்களாம்.

ஒட்டியில் உள்ள 9 கிலோ ஒரு தரை, அதற்குக் கீழே போகாதே என்பதுதான் அதன் அர்த்தம். 9 வந்ததும் திருப்பு என்று அது சொல்லவில்லை. 2013இல் வந்த புதிய ஒழுங்குவிதி 129, நிறையை விட்டு உயரத்தைக் கணக்கில் எடுத்து, 15 மாதம் ஆகும்வரை முன்னோக்கி வைக்கவே இடம் கொடுக்கவில்லை. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2018இல் வயதெல்லையையே எடுத்துவிட்டு, அந்தந்தச் சீட்டின் பின்னோக்கு எல்லை வரும்வரை பின்னோக்கியே வையுங்கள் என்றது. சுவீடனில் நான்கு வயது வரைக்கும் அப்படித்தான் வைக்கிறார்கள். முதல் மாதிரியை 1964இல் சோதித்ததும் அங்கேதான். பெர்ட்டில் ஆல்ட்மான் என்ற பேராசிரியர், விண்கலம் மேலெழும்போது வீரர்கள் முதுகைச் சாய்த்துப் படுத்திருப்பதைக் கண்டு, அந்த விசை முதுகு முழுவதும் பரவுவதைப் பிள்ளைக்குப் பயன்படுத்திப் பார்த்தார்.

கால் பற்றிய பயத்துக்குச் சின்னவனே பதில் சொன்னான். சீட்டில் ஏற்றியதும் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான், வீட்டுத் தரையில் இருப்பது போல. பின்னோக்கி இருக்கும் பிள்ளைகளுக்குக் கால் காயம் அரிது. முன்னோக்கி இருப்பவர்களுக்குத்தான் கால் வீசி முன் ஆசனத்தில் அடிபடும்.

வேகத்தைப் பற்றி அப்பா நம்பவில்லை. “கொழும்புக்குள்ளே நாங்கள் எங்கே வேகமாகப் போகிறோம்?” உண்மைதான், காலி வீதியில் மாலை ஐந்து மணிக்கு நடந்துபோவது விரைவு. ஆனால் மரைன் டிரைவில் இரவு ஒன்பது மணிக்கு 50 சாதாரணம். 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் மோதினால், கட்டாமல் இருக்கும் பிள்ளை ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்த வேகத்தில் போய் அடிபடும். சொல்லிவிட்டு மேலே பார்த்தேன். மூன்றாம் மாடியில் அவர்களுடைய பால்கனி தெரிந்தது. சின்னவன் தவழத் தொடங்கிய வாரமே அதற்கு இரும்புக் கிறில் அடித்திருக்கிறார்கள். அப்பாவும் மேலே பார்த்தார். அதற்குப் பிறகு வேகம் பற்றி அவர் கேட்கவில்லை.

இலக்கத்தை எங்கே சொல்வது என்பது முக்கியம் என்று நான் நினைக்கிறேன். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் மரண ஆபத்தைச் சரியாகப் பாவித்த சீட் 71 சதவீதம் குறைக்கும், ஒன்று முதல் நான்கு வயதில் 54 சதவீதம் குறைக்கும் என்ற அமெரிக்க நெடுஞ்சாலை நிர்வாகத்தின் கணக்கை முதல் நாளே சொல்லியிருந்தேன். தலையாட்டினார்கள், அவ்வளவுதான். பால்கனிக்குக் கிறில் அடித்த கை அவர்களுடையது என்பதால் அந்த 10 மீட்டர் உள்ளே போனது.

அம்மம்மா

இரண்டாம் நாள் இவ்வளவும் நடந்தபோது அம்மம்மா கீழே வரவில்லை. பிள்ளை அழுதால் பட்டியைக் கழற்றப்போவது அவர்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் தனியாக அவரைப் பார்க்க வருகிறேன் என்றேன்.

அவரிடம் சீட் பற்றிப் பேசாமல், மடியைப் பற்றிக் கேட்டேன். 95இல் யுத்தத்தால் வலிகாமத்தை விட்டு எல்லோரும் ஒரே இரவில் வெளிக்கிட்ட கதையைச் சொன்னார். சின்னவனின் அம்மாவுக்கு அப்போது ஒரு வயது. ஒரு கையால் பிள்ளை, மறு கையால் பை, நாவற்குழிப் பக்கம் சனத்துக்குள் நெரிபட்டு, பிறகு யாரோ ஒருவருடைய ட்ரக்டர் பெட்டியில் ஏறி. “மடியை விட்டு இறக்கேல்லை பிள்ளை. இறக்கியிருந்தா அவள் இண்டைக்கு இல்லை.”

அந்த மடி ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அதைப் பிழை என்று அவர் முன்னால் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சொன்னாலும் அவர் நம்பப்போவதில்லை, நம்பவும் கூடாது. அதனால் வேறொன்று கேட்டேன். “பிறந்த பிள்ளையைத் தூக்கினால் முதல் கையை எங்கே வைப்பீர்கள் அம்மா?”

யோசிக்காமல் சொன்னார். “பிடரியில. பிடரியைத் தாங்காமல் ஆரும் தூக்குவினமோ?”

ஏன் என்று கேட்டேன். தலை பாரம், கழுத்து பிஞ்சு என்றார். அதேதான். பிறந்த பிள்ளையின் உடல் நீளத்தில் நாலில் ஒரு பங்கு தலை. முதுகெலும்பின் துண்டுகளுக்கு நடுவே இன்னும் குருத்தெலும்பு இருக்கும், அது முற்றாக எலும்பாகப் பொருந்தப் பல வருடங்கள் எடுக்கும். தலை நின்றுவிட்டது என்பதால் கழுத்து உரம் பெற்றுவிட்டது என்று ஆகாது. முன்னோக்கி இருக்கும் பிள்ளையின் உடம்பைப் பட்டி பிடித்துக்கொள்ளும், தலையை யாரும் பிடிப்பதில்லை, கழுத்துத்தான் இழுபடும். பின்னோக்கி இருந்தால் சீட்டின் முதுகுப்பக்கம் தலையையும் கழுத்தையும் முதுகையும் சேர்த்துத் தாங்கும். “பிடரியில் வைத்த உங்கள் கைதான் அம்மா அந்தச் சீட்.”

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். “அப்ப மடியில இருந்தா?” என்று அவரேதான் கேட்டார். சொன்னேன். 50இல் ஓடும் கார் மோதி அரை மீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்தக் கணத்தில் 9 கிலோ பிள்ளையைப் பிடித்து வைக்க ஏறத்தாழ 175 கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும். அரிசி என்றால் மூன்றரை மூட்டை. ட்ரக்டர் பெட்டியில் அவர் பிடித்தது சனத்துக்கும் குலுக்கலுக்கும் எதிராக. இதைப் பிடிக்க எந்த மனிதக் கையாலும் முடியாது, அவர் கையின் அன்பில் குறை ஏதும் இல்லை.

அன்று மாலை கீழே வந்தார். காறை எலும்பில் கிள்ளிப் பார்ப்பதை அவருக்கென்று கொடுத்தோம். பயணத்தில் பின் சீட்டில் பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பவர் அவர்தானே. கிள்ளிப் பார்த்துவிட்டு அவர் “சரி” என்றால்தான் கார் நகரும்.

அழுகையும் வெயிலும்

சின்னவன் அழுதான். அதை மறைத்து எழுத விரும்பவில்லை. முதல் வாரம் முழுவதும் அழுதான். மடியிலிருந்து ஜன்னல் பார்த்துக்கொண்டு போன பிள்ளைக்கு இது இறக்கம்தான். சீட்டை மூன்று நாள் வீட்டு ஹோலில் வைத்து, விழித்திருக்கும் நேரத்தில் ஐந்து பத்து நிமிடம் அதில் இருந்து விளையாட விட்டார்கள். கண்ணுக்கு முன்னால், நிலத்தில் வைத்து. அதிலேயே தூங்க விடக்கூடாது என்று சொல்லியிருந்தேன். பிறகு காரில் மார்க்கெட் வரைக்கும், பிறகு தெகிவளை வரைக்கும். அம்மம்மா பக்கத்தில் இருந்து தேவாரம் பாடினார். குளிர்காற்றுப் பின்னோக்கிய சீட்டுக்குள் நேராக எட்டாது என்பதால் ஏறுவதற்கு ஐந்து நிமிடம் முன்பே ஏசியைப் போட்டார்கள்.

வெயிலில் நின்ற கார் பத்து நிமிடத்துக்குள் வெளியில் இருப்பதைவிடச் சுமார் 10 பாகை கூடுதலாகச் சூடேறும். கடைக்கு ஒரு நிமிடம் இறங்குகிறேன் என்று பிள்ளையை உள்ளே விட்டுப் போவதைப் பற்றி நான் நயமாகப் பேசுவதில்லை. கூடாது, ஒரு நிமிடமும் கூடாது.

ஓட்டோவுக்கு என்னிடம் விடை இல்லை. மயூரபதி அம்மன் கோவிலுக்கோ கிளினிக்குக்கோ போவதென்றால் வெள்ளவத்தையில் ஓட்டோதான். அதில் பெல்ட் இல்லை, எந்த பேபி சீட்டையும் பூட்ட முடியாது. முடிந்த இடத்துக்கு நடந்து போங்கள், தூரம் என்றால் பெல்ட் உள்ள கார் கூப்பிடுங்கள் என்றேன். அவர்கள் பாதிக்குப் பாதி அப்படிச் செய்கிறார்கள். கையில் தொங்கவிடும், துணியால் மட்டும் தைத்த ‘எங்கும் கட்டலாம்’ வகைச் சீட் ஒன்றை அப்பா இணையத்தில் கண்டு அனுப்பினார். வேண்டாம் என்றேன். அங்கீகார ஒட்டி இல்லாத துணி, மோதலில் துணியாகத்தான் இருக்கும்.

யாழ்ப்பாணம் போய் வந்தது

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நிறுத்துவது என்று பேசி வைத்திருந்தோம். சிலாபம் தாண்டி ஒன்று, புத்தளத்துக்கு அப்பால் ஒன்று, அனுராதபுரத்தில் சாப்பாடு, பிறகு வவுனியா. பால் கொடுப்பதும் உடுப்பு மாற்றுவதும் நின்ற காரில் மட்டும். ஏழரை மணித்தியாலப் பயணம் பத்தானது. கிளிநொச்சிக்கு முன்னால் மழை பிடித்தது. நிறுத்த நல்ல இடம் இல்லை, சின்னவன் வீறிட்டு அழுதான், அம்மம்மா பட்டியைக் கழற்றித் தூக்கிவிட்டார். அம்மா இதைத் தானாகவே எனக்குச் சொன்னார். அப்பா உடனே வேகத்தைக் குறைத்து, ஒரு கடை வாசலைக் கண்டதும் நிறுத்தியிருக்கிறார். அரை மணித்தியாலம் நின்று, பிள்ளை ஆறியதும் திரும்பக் கட்டி, அம்மம்மா கிள்ளிப் பார்த்து, பிறகுதான் கிளம்பினார்களாம். திரும்பி வரும் வழியில் கழற்றவில்லை.

முழுதாக வென்றது என்று நான் எழுத மாட்டேன். ஆனால் முதல் நாள் ‘ஓம்’ சொன்ன குடும்பத்தில் யாராவது இப்படிக் கழற்றியிருந்தால் எனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

15ஆம் மாதம் அம்மாவிடமிருந்து வட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. கிளினிக்கில் 10.2 கிலோவாம், 79 சென்டிமீட்டர். 13 கிலோவுக்கு இன்னும் தூரம், தலையும் சீட்டின் மேல் விளிம்புக்குக் கீழேதான் இருக்கிறது. “தோள், பட்டி வாசலை விட்டு நல்லா மேல வந்திட்டுது அக்கா. அடுத்த வாசலுக்கு நானே மாத்தினான். படம் பாருங்கோ.” முன்பக்கப் படத்தில் எல்லாம் சரியாக இருந்தது. சீட்டின் முதுகுப் பக்கத்தையும் எடுத்து அனுப்பச் சொன்னேன். தோள் பட்டி நுனிகளில் வளையமாக உள்ள இரண்டு காதுகளில் ஒன்று பின்னால் உள்ள இரும்புத் தகட்டில் பாதிதான் ஏறியிருந்தது. எந்தப் பக்கம் என்று சொல்லாமல், “இரண்டு காதையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள்” என்று மட்டும் எழுதினேன்.

பத்து நிமிடத்தில் அடுத்த படம் வந்தது. இரண்டும் முழுதாக ஏறியிருந்தன.